ஊருக்குத் திரும்பி வந்த எண்கள்

(தருமபுரியில் கல்லூரி மாணவர்களும் கிராம சுகாதார செவிலியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



புள்ளியியலைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் தருமபுரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். எண்களால் இவ்வளவு காயப்பட்ட மாவட்டங்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. அந்த எண்களையே கையில் எடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்ள இறங்கிய மாவட்டங்கள் அதைவிடக் குறைவு. புள்ளியியல் பாடநூலில் இல்லாத ஒரு பாடம் இங்கே நடந்திருக்கிறது. நடத்தியவர்களில் சிலர் இந்த அரங்கிலேயே, வெள்ளைச் சேலையில், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

826 என்ற எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர். பக்கத்தில் சேலத்தில் 851. அந்த ஆண்டு மாநிலம் முழுவதற்கும் 942.

இந்த எண்ணை எப்படிப் படிப்பது? யாரும் குறுக்கிடாத இடத்தில், 1,000 ஆண் குழந்தைகள் பிறந்தால் ஏறக்குறைய 950 பெண் குழந்தைகள் பிறக்கும். ஆண் குழந்தைகள் சற்றுக் கூடுதலாகப் பிறப்பது இயற்கை. பிறந்த பிறகு, முதல் சில வாரங்களில் ஆண் குழந்தைகளே கூடுதலாக இறப்பதும் இயற்கை. பெண் சிசு பிழைத்துக்கொள்ளும் வலுவோடு பிறக்கிறது. ஆகவே ஆறு வயது வரை எடுத்துப் பார்த்தால் எண் 950ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்க வேண்டும். 50,000 ஆண் குழந்தைகள் உள்ள ஒரு பகுதியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே 47,500 பெண் குழந்தைகள் இருக்க வேண்டும். 826 என்ற கணக்கில் 41,300 பேர்தான் இருப்பார்கள். மீதி 6,200 பேர் இல்லை. தற்செயலால் சில நூறு கூடலாம், குறையலாம். ஆறாயிரம் குறையாது.

ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் எல்லையோடு நின்றுவிடும். குழந்தைகள் இல்லை என்று சொல்லும். எப்படி இல்லாமல் போனார்கள், எந்த ஊரில், பிறந்த எத்தனையாம் நாளில், எத்தனையாவது பிள்ளை என்று அதற்குச் சொல்லத் தெரியாது. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வருகிற எண் அது. வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

எப்படி என்பதைச் சொன்னது செவிலியரின் பதிவேடு. இதை நான் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் இளையவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது.

சமவெளியில் ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று. அதில் ஒரு கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு அவர் நர்சம்மா. தன் பகுதியில் யார் கருவுற்றிருக்கிறார், எத்தனையாவது கர்ப்பம், எப்போது பிரசவம், பிள்ளை பிழைத்ததா என்று பெயர் பெயராக எழுதி வைப்பது அவர் வேலை. தாய்சேய் நலத்துக்காக வைத்த பதிவேடு அது. ஆனால் அதில் வேறொன்றும் பதிவானது. பிரசவம் சுகமாக நடந்திருக்கும். பெண் குழந்தை, எடையும் சரியாக இருக்கும். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ நர்சம்மா வீட்டுக்குப் போனால் குழந்தை இருக்காது. மூச்சுத் திணறி இறந்தது என்பார்கள், வயிற்றுப்போக்கு என்பார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கும். அவருக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அந்த இறப்புக்கு எதிரே காரணம் என்ற பத்தியில் என்ன எழுதுவது? ‘சமூகக் காரணம்’ என்று எழுதினார்கள்.

1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சேர்ந்துகிடந்த இந்தப் பதிவுகளைத் திரட்டிக் கூட்டிப் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் ஷீலா ராணி சுங்கத், ஐ.ஏ.எஸ். அதிகாரி. மற்றவர் வி. பி. ஆத்ரேயா, பொருளியல் அறிஞர். 1997இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை தமிழ்நாட்டுச் சமூகப் புள்ளியியலில் ஒரு திருப்புமுனை என்று நான் கருதுகிறேன். அதுவரை பெண் சிசுக்கொலை என்பது பத்திரிகைச் செய்தியாகவும் வதந்தியாகவும் இருந்தது. அந்தக் கட்டுரைக்குப் பின் அது எந்தெந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் எல்லைக்குள் நடக்கிறது என்று வரைபடத்தில் காட்டக்கூடிய ஒன்றாக ஆனது.

அந்த வரைபடம் இன்னொன்றையும் செய்தது. 1986இல் இந்தியா டுடே இதழ் மதுரைப் பக்கத்து உசிலம்பட்டிப் பகுதியின் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. அந்தக் கட்டுரை நாட்டின் மனசாட்சியைத் தட்டியது, அதில் ஐயமில்லை. அதே வேகத்தில் உசிலம்பட்டி என்ற பெயரையே ஒரு குற்றத்தின் பெயராக ஆக்கியும் விட்டது. 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ திரைப்படம் வந்து எல்லோரையும் அழவைத்தது. மற்ற ஊர்க்காரர்கள் அழுதுவிட்டு, அது எங்கோ தெற்கே, யாரோ ஒரு சாதியில் நடக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள். செவிலியர்களின் பதிவேடுகளைக் கூட்டியபோது தெரிந்தது, மதுரைப் பக்கத்தில் தொடங்கித் திண்டுக்கல், நாமக்கல், சேலம், தருமபுரி வழியாக வடாற்காடு வரைக்கும் ஒரு தொடர்ச்சியான பட்டை. ஒரு சாதிக்குள்ளும் அடங்காத பட்டை. நிலம் இருந்தவர்கள் வீட்டிலும் நடந்தது, இல்லாதவர்கள் வீட்டிலும் நடந்தது.

ஒரு வட்டாரத்தின் பெயர் எப்படிக் கெடுகிறது, எப்படி மீள்கிறது என்று யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். எண்ணே இல்லாமல் பேசியபோது பழி முழுவதும் ஓர் ஊரின் தலையில் விழுந்தது. ஊர் ஊராக எண்ணிப் பார்த்தபோது பொறுப்பு உரியவர்கள் எல்லோருக்கும் பகிர்ந்து வந்தது. உசிலம்பட்டிக்காரர்களுக்கு அந்த எண்கள் செய்த நியாயத்தை எந்த மறுப்புக் கட்டுரையும் செய்திருக்க முடியாது. தருமபுரிக்காரர்களான நமக்கோ அது வேறு விதமாக வந்தது. அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த தகடூர் என்று பெருமை பேசுகிற மண் இது. ஒரு பெண்ணின் அறிவு நீண்டு வாழ வேண்டும் என்று ஓர் அரசன் நினைத்த இடம் என்பதுதானே அந்தக் கதையின் சாரம்? அந்த மண்ணில் பிறந்த பெண்கள் ஒரு வாரம் வாழவில்லை என்று நம் சொந்தச் செவிலியர்களின் கையெழுத்து சொன்னது. அதியமான்கோட்டையில் நின்றுகொண்டு அதை மறுக்க முடியாது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிக முக்கியம். எண் கிடைத்ததும் அரசு என்ன செய்யும்? சட்டத்தை நீட்டும், தொட்டில் வைக்கும். 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு வந்தது. அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் பெண் பிள்ளையை வேண்டாம் என்று நினைக்கிற வீட்டிடம், சரி, எங்களிடம் கொடுத்துவிடு என்று சொல்வதோடு அந்தத் திட்டம் நின்றுவிடுகிறது. ஏன் வேண்டாம் என்று அது கேட்பதில்லை.

தருமபுரியில் 1998இல் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். கலைப்பயணம் என்ற பெயரில் தெருநாடகக் குழுக்கள் கிராமம் கிராமமாகப் போயின. எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கத்தின் அனுபவம் அதன் பின்னால் இருந்தது. பயிற்சி பெற்று நடித்தவர்கள் இந்த மாவட்டத்து இளைஞர்களும் இளம்பெண்களும். பதிவேடுகளில் எந்தப் பகுதிகளின் எண்கள் கனமாக இருந்தனவோ அங்கெல்லாம் ஆடினார்கள். கொலைகாரர்களே என்று கைநீட்டவில்லை. பெண் பிறந்த வீட்டின் கவலை, சீர்வரிசை, வயலில் அவள் உழைப்பு, அந்த உழைப்புக்கு இல்லாத மதிப்பு என்று ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையையும் ஊர் முச்சந்தியில், ஊர்ப் பேச்சில் நடித்துக் காட்டினார்கள். செவிலியர் எழுதிய எண் சென்னைக்குப் போய்க் கட்டுரையாகி நின்றுவிடாமல், அது பிறந்த தெருவுக்கே நாடகமாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளில் சமூகக் காரணம் என்ற இறப்புகள் இந்த மாவட்டத்தில் குறைந்தன. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எண் 826இலிருந்து 910ஐத் தாண்டியது. சேலமும் 910ஐத் தாண்டியது. பத்தாண்டில் இவ்வளவு ஏற்றம் அரிது. மாநிலச் சராசரி அதே காலத்தில் 942இலிருந்து 943 என்று கிட்டத்தட்ட அசையாமல் இருந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முழுப் பெருமையும் நாடகத்துக்கு என்று சொல்லும் அளவுக்கு நான் புள்ளியியலை மறந்தவனில்லை. ஆஸ்பத்திரிப் பிரசவம் பெருகியது, பெண் பிள்ளைகள் பள்ளியில் நீடித்தார்கள், திருமண உதவித் திட்டங்கள் வந்தன, குடும்பங்கள் சிறுத்தன. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் ஆய்வுக்கு உங்களில் யாராவது முன்வந்தால் நான் மகிழ்வேன். இன்னொரு சந்தேகத்தையும் விட்டுவிடக் கூடாது. பிறந்த பின் கொல்வது குறைந்த இடத்தில், பிறக்கும் முன்பே ஸ்கேனில் பார்த்து அழிப்பது கூடியிருக்கலாம். பாலினத்தைச் சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அப்படி அழித்தாலும் இந்த எண் தாழவே செய்யும். 2011இல் 900க்குக் கீழே நின்ற மாவட்டங்கள் எவை? கடலூர், அரியலூர். பழைய பட்டையில் இல்லாத மாவட்டங்கள். அந்த எண்களைப் பார்த்துத்தான் அதே ஆண்டில் தொட்டில் திட்டம் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலைக்கு நீட்டப்பட்டது. தருமபுரியைப் பற்றிய பழைய பேச்சோ இன்னும் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாணவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ஊரளவில் எண்ணுவதை நான் இவ்வளவு புகழ்ந்துவிட்டேன். ஊரளவில் எண்ணுவதில் ஒரு பெரிய பள்ளமும் இருக்கிறது. ஒரு துணை சுகாதார நிலையப் பகுதியில் ஆண்டுக்கு 100 பிரசவம் என்று கொள்வோம், உண்மையில் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இயற்கைப்படி 49 பெண் குழந்தைகள் எதிர்பார்ப்போம். இந்த ஆண்டு 44 பெண், 56 ஆண் பிறந்திருக்கிறது. 1,000க்கு என்று மாற்றினால் 786. மாவட்ட அலுவலகத்தில் இந்த எண்ணைப் பார்த்தவர் பதறிவிடுவார். ஆனால் எந்தத் தவறும் நடக்காத ஊர்களிலேயே, ஏறக்குறைய ஐந்து ஊருக்கு ஓர் ஊரில், வெறும் தற்செயலால் 44 அல்லது அதற்கும் குறைவாகப் பெண் குழந்தைகள் பிறக்கும். நாணயத்தைச் சுண்டுகிற கணக்குத்தான். அடுத்த ஆண்டு அதே ஊரில் 54 பெண் பிறந்தால் அந்த நர்சம்மாவுக்கு விருது கொடுத்துவிடுவார்கள். இரண்டுக்கும் அவர் காரணம் இல்லை.

ஐந்து ஆண்டைச் சேர்த்துப் பாருங்கள், பக்கத்து ஊர்களைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் எண் தாழ்ந்தே நின்றால் மட்டும் கேள்வி கேளுங்கள். ஓராண்டுக் கணக்கை வைத்து ஊர்களை வரிசைப்படுத்துவதும், குறைந்த ஊரின் செவிலியருக்கு மெமோ கொடுப்பதும் அநியாயம். அநியாயம் மட்டுமா? அது எண்ணையே கொன்றுவிடும். இறப்பை எழுதினால் விளக்கம் கேட்பார்கள், போலீஸ் வரும் என்று ஆகிவிட்டால், பிறந்து இறந்த குழந்தை வயிற்றிலேயே இறந்ததாகப் பதிவாகும். பதிவேடு சுத்தமாகிவிடும். குழந்தைகள் இறந்துகொண்டுதான் இருப்பார்கள். உண்மையை எழுதிய கைக்குப் பாதுகாப்பு இருந்ததால்தான் தருமபுரியின் கணக்கு வெளிச்சத்துக்கு வந்தது. தாய் இறப்புக் கணக்கிலும் தமிழ்நாடு இதே வழியில்தான் நடந்தது. ஒவ்வொரு தாயின் இறப்பையும் தனித்தனியாக எடுத்து, எங்கே தாமதமானது என்று விசாரித்தார்கள். 2018-20 காலத்துக்கான மாதிரிப் பதிவு முறைக் கணக்கில் உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது இங்கே 54 பேர். 54ம் அதிகம்தான்.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். தருமபுரிக்காரரை அடையாளம் காணப் பல்லைப் பார்த்தால் போதும் என்று வெளியூரில் ஒரு பேச்சு இருந்தது. பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைத் திறந்து சிரிக்கத் தயங்கிய பெண்கள் இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் என்று உங்கள் தாய்மாரைக் கேளுங்கள். காரணம் பாறை. நம் அடியில் இருக்கும் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. மழை குறைந்து, கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு இறங்க இறங்க, பாறையோடு அதிக காலம் கிடந்த தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு வரைதான் பொறுக்கலாம் என்பது வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகும் வயதில் குடித்த குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கறை படியும். துலக்கினால் போகாது. பல ஆண்டுகள் குடித்தால் எலும்பு இறுகும், முதுகு வளையும்.

பல காலம் இதை மக்கள் பரம்பரை என்றார்கள். தண்ணீரைச் சோதித்து, கிணறு கிணறாக எழுதியபோதுதான் அது பரம்பரை இல்லை என்பது நிலைநாட்டப்பட்டது. சராசரி இங்கே உதவாது. ஒரே ஊரில் ஒரு கிணறு வரம்புக்குள் இருக்கும், இரண்டு தெரு தள்ளி இன்னொன்று வரம்பைத் தாண்டும். இரண்டின் சராசரியைக் குடிப்பவர் யாரும் இல்லை. அந்தக் கணக்குகளின் மேல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் எழுந்தது. அதன் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்புத் தணிப்பு என்பது இருக்கிறது. ஜப்பானின் கடனுதவியோடு, 2008இல் அடிக்கல் நாட்டி, 2013இல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரித் தண்ணீர் வந்தது. அரசியல் சண்டை எவ்வளவோ நடந்தது, அதற்குள் நான் போகவில்லை. அளந்து காட்டிய எண்கள் இல்லாமல் அந்தத் தண்ணீர் இவ்வளவு தூரம் மேடேறி வந்திருக்காது.

இப்படி ஊர் ஊராக எண்ணுவதற்கு முன்னோடியான ஒரு நல்ல வழக்கம் சென்னையில் தோன்றியதை மாணவர்களுக்கு நினைவூட்ட வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை அவரவர் அறிந்த கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு, வடாற்காட்டு தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, நெல்லைக் கங்கைகொண்டான் போன்ற ஊர்கள். 1918இல் அது நூலானது. 1930களில் அதே ஊர்களை மறுபடி எண்ணினார்கள். இருவேல்பட்டுக்கு 1980களிலும், பின்னர் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி எப்படி மாறியது என்று ஒரு சாதாரணத் தமிழ்க் கிராமத்துக்கு ஏறக்குறைய நூறாண்டுச் சரித்திரம் எண்களில் இருக்கிறது. அரசர்களுக்கு மெய்க்கீர்த்தி இருப்பதுபோல் ஒரு குடியானவ ஊருக்கு இது. எனக்குள்ள ஒரே வருத்தம், அந்த ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அந்த ஊரின் பிள்ளைகள் படிக்கும் தமிழில் அவை கிடைக்க வேண்டும்.

ஆகவே நான் உங்களிடம் கேட்க வந்தது இதுதான். கிராம சபைகள் ஆண்டில் பல முறை கூடுகின்றன. ஊராட்சியின் வரவு செலவைப் படிக்கிறார்கள். அதோடு ஊரின் பிறப்புக் கணக்கையும் படிக்கட்டும். ஐந்தாண்டுக் கூட்டலாக, பெயர் எதுவும் இல்லாமல், இத்தனை ஆண், இத்தனை பெண் என்று. எந்தக் குடிநீர்க் கிணற்றில் எவ்வளவு ஃபுளோரைடு என்று தெருப் பெயரோடு படிக்கட்டும். குடும்பத்தின் பெயர் ஒருபோதும் வரக் கூடாது, கிணற்றின் பெயர் கட்டாயம் வர வேண்டும்.

2011க்குப் பின் மாவட்ட அளவில் முழு எண்ணிக்கை இல்லை. 2021இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் தேதியை ஆதார நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதில் தருமபுரியின் எண் என்ன வரும் என்று எல்லோரும் காத்திருக்கலாம். செவிலியச் சகோதரிகளே, நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பதிவேட்டில் அது ஏற்கெனவே இருக்கிறது. சென்னைக்கு அனுப்பும் அறிக்கையின் ஒரு பிரதியை உங்கள் ஊராட்சிக்கும் கொடுக்கும் உரிமையை அரசிடம் கேளுங்கள். நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன்.

மாணவர்களுக்கு வேறொரு வேலை. நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாவது முதல் சில வயதுகளில். முன்பற்கள் முளைப்பது ஆறேழு வயதில். அப்படியானால் காவிரித் தண்ணீர் வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது நிரந்தரப் பல்லோடு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு முன் பிறந்த அக்காவும் அண்ணனும் வீட்டில் இருக்கிறார்கள். பல் மருத்துவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பெற்றோரின் சம்மதம் வாங்கி, ஊர் ஊராகப் பள்ளிப் பிள்ளைகளின் முன்பற்களைப் பாருங்கள். பிறந்த ஆண்டு, கறை உண்டா இல்லையா, வீட்டில் குடிப்பது குழாய்த் தண்ணீரா ஆழ்துளைத் தண்ணீரா, இந்த மூன்றும் போதும். தம்பிக்குக் கறை இல்லாத ஊர்களில் திட்டம் வேலை செய்திருக்கிறது. தம்பிக்கும் கறை இருக்கிற ஊர்களில் காவிரி இன்னும் வந்து சேரவில்லை, அல்லது போதிய நாட்கள் வரவில்லை. அந்த ஊர்களின் பட்டியலை எழுதி, அந்தந்த ஊரின் அடுத்த கிராம சபையில், அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கொண்டே படிக்கச் செய்யுங்கள். எந்த ஒன்றியத்திலிருந்து தொடங்குவது என்று கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம், நான் இங்கேதான் இருப்பேன்.